ஊர்ப் பின்கோடை வைத்துக் கணக்குப் புராஜெக்ட்: எதை முதலில் செய்வது, எங்கே நிறுத்துவது

டிசம்பர் 22 தேசியக் கணித நாள். அது நெருங்கும்போது பிள்ளைகளின் பள்ளி டைரியில் ஒரு வரி ஏறிவிடும்: "ஒரு பெரிய எண்ணை எடுத்து அதன் பண்புகளை எழுதி வரவும்." எவ்வளவு பெரிய எண், எத்தனை பண்பு, எதில் எழுதுவது என்று எதுவும் இருக்காது. எட்டாவது படிக்கும் என் மகளுக்கும் அப்படித்தான் வந்தது. வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்லி, தேடிப் பிடித்ததையெல்லாம் எழுதி, கடைசியில் எது பண்பு எது சும்மா அலங்காரம் என்றே தெரியாமல் நின்றோம். அடுத்து மாட்டுகிறவர்களாவது தப்பிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் உண்மையான வேலை ஒன்றுதான்: எண்ணைப் பகாக் காரணிகளாக (1ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத, 1ஐவிடப் பெரிய எண்களாக) உடைப்பது. அது முடிந்தால் மற்ற பண்புகள் அரை மணி நேரத்தில் வரிசையாக வந்துவிடும். அதை விட்டுவிட்டுச் சார்ட்டில் பூ வரைய உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு அழுகைதான் மிஞ்சும்.

1. எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரை உங்கள் ஏரியா பின்கோடு. ஆறு இலக்கம் என்பதால் பெரிய எண் என்ற கணக்கில் சேரும், கையாலும் செய்து முடித்துவிடலாம். யாருடைய ரகசியமும் இல்லை. "ஏன் இந்த எண்?" என்று கேட்டால் பதிலும் தயாராக இருக்கும்.

போன் நம்பர், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் மூன்றும் வேண்டவே வேண்டாம். ஆதாரின் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றையும் வைத்து வெர்ஹோஃப் முறையில் போடப்படும் சரிபார்ப்பு இலக்கம். கணக்காகப் பார்த்தால் சுவையான விஷயம்தான். ஆனால் ஊரே வந்து பார்க்கிற கண்காட்சியில் அதைச் சார்ட்டில் ஒட்டி வைப்பதை நினைத்தாலே பகீரென்கிறது. ஒரு கோடி, பத்துக் கோடி மாதிரி சுழிகள் வரிசை கட்டிய எண்ணும் வேண்டாம். இரண்டும் ஐந்துமாக உடைந்து ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், எழுத ஒன்றும் இருக்காது.

மதுரைப் பின்கோடுகள் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான். ஆனால் குணம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. உடைத்துப் பார்த்ததில் கிடைத்தவை:

625005 (திருப்பரங்குன்றம்) = 3 × 3 × 5 × 17 × 19 × 43
625020 (கலெக்டர் ஆபீஸ் பக்கம்) = 2 × 2 × 3 × 5 × 11 × 947
625009 (தெப்பக்குளம்) = 7 × 11 × 8117
625001 (கோயிலைச் சுற்றிய டவுன்) = 13 × 131 × 367
625021 (பல்கலை நகர், காமராசர் பல்கலைக்கழகம்) = 617 × 1013
625007 (கே. புதூர்) பகா எண்

ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளை என்றால் திருப்பரங்குன்றம் போதும். சின்னச் சின்னக் காரணிகளாக உதிர்ந்துவிடும். புதூர்க்காரர்களுக்கு யோகமும் உண்டு, கஷ்டமும் உண்டு. 625001 முதல் 625021 வரை பகா எண் அது ஒன்றுதான். ஆனால் அதை நிரூபிக்கக் கடைசி வகுத்தல் வரை போயே ஆக வேண்டும், நடுவில் எங்கேயும் நிறுத்த முடியாது. எல்லாப் படிகளும் வருகிற எண் 625021 என்பதால் கீழே அதையே எடுத்துக்கொள்கிறேன். விடையைப் போட்டு உடைத்துவிட்டேனே என்று யோசிக்க வேண்டாம், மதிப்பெண் வழிக்குத்தான்.

2. கையில் இருக்க வேண்டியவை, செலவு

நீள ரஃப் நோட்டு ஒன்று. பலசரக்குக் கடை மேசையில் இருக்குமே, அந்த 12 இலக்கக் கால்குலேட்டர் ஒன்று. யாரிடமாவது இரவல் வாங்கினால் போதும். சார்ட் இரண்டு, ஸ்கெட்ச் பேனா. நோட்டும் கால்குலேட்டரும் வீட்டில் இருந்தால் நூறு ரூபாய்க்குள் சோலி முடிந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் "ரெடிமேட் புராஜெக்ட்" என்று ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். புரட்டிப் பார்த்தால் பாதித் தாளில் நியூமராலஜி. காசைக் கரியாக்காதீர்கள்.

வீட்டில் டிவி சத்தம், உட்கார இடமில்லை என்றால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அமைதியாக உட்கார்ந்து முடிக்கலாம்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு பட்டியல் வேண்டும்: 800 வரை உள்ள பகா எண்கள். இணையத்தில் எடுத்து ஜெராக்ஸ் போடலாம். ஆனால் பிள்ளையே எரட்டோஸ்தனிஸ் சல்லடை போட்டு எழுதினால் அதுவே புராஜெக்டில் ஒரு பக்கம் ஆகிவிடும். 1 முதல் 800 வரை கட்டம் போட்டு எழுதி, 1ஐ அடித்துவிட்டு, 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 ஆகிய ஒன்பது எண்களின் மடங்குகளை (அந்த எண்களை விட்டுவிட்டு) அடித்தால் போதும். அடுத்த பகா எண் 29; 29 × 29 = 841, அது கட்டத்துக்கு வெளியே. மீந்து நிற்பவற்றை எண்ணிப் பாருங்கள். சரியாக 139 இருக்க வேண்டும்.

139க்கு மேல் வந்தால் இவை மாதிரி ஏதோ ஒன்று தப்பி நிற்கிறது என்று அர்த்தம்: 91, 119, 133, 221, 247, 299, 323, 391, 437, 667, 713. பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும். 91 என்பது 7 × 13. 323 என்பது 17 × 19. 667 என்பது 23 × 29. குறிப்பாகக் கடைசி இரண்டும் 23இன் மடங்குகள். சல்லடை போடுகிற கை அதற்குள் களைத்துப் போயிருக்கும், அதனால்தான் நழுவுகின்றன.

3. எல்லைக்கோடு போடுங்கள்

வகுக்க ஆரம்பிக்கும் முன்பே எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

790 × 790 = 624100
791 × 791 = 625681

நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே அது முழு வர்க்கம் இல்லை (எழுதிக்கொள்ளுங்கள், முதல் பண்பு). வகுத்துப் பார்க்க வேண்டியது 790 வரை உள்ள பகா எண்களால் மட்டும். காரணிகள் ஜோடியாகத்தான் வரும். ஜோடியில் இரண்டுமே 790ஐத் தாண்டினால் பெருக்கல் 625021ஐத் தாண்டிவிடும். இதைப் பிள்ளை தன் வாயால் சொல்லப் பழக வேண்டும், நடுவர் கேட்காமல் விட மாட்டார். 790 வரை 138 பகா எண்கள். கடைசி எண் 787.

இந்தக் கோட்டைப் போடாமல் இறங்குகிறவர்கள் இரண்டு விதம். ஒருவர் 2, 3, 5, 7, 11, 13 வரை பார்த்துவிட்டு "வகுபடவில்லை, பகா எண்" என்று எழுதி மூடிவிடுவார். இன்னொருவர் நூறு வரை போவார். நூறு வரை பகா எண்கள் வெறும் 25தான். 625021 முதல் 112 பகா எண்களில் எதற்கும் மசியாது, 113ஆவதான 617இல்தான் உடையும். ஐந்நூறு தாண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று அலுத்துப்போய் நிறுத்தியிருந்தால் சார்ட்டில் பொய்தான் ஏறியிருக்கும்.

4. வகுக்காமலே கழித்துவிடக் கூடியவை

கடைசி இலக்கம் 1, அதனால் 2, 5 இல்லை. இலக்கங்களின் கூடுதல் 6+2+5+0+2+1 = 16, அதனால் 3 இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்தது.

7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் முடிக்கலாம். 7 × 11 × 13 = 1001. எண்ணைக் கடைசியிலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 625, 021. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 625 − 21 = 604. இந்த 604 எதனால் வகுபடுகிறதோ அதனால்தான் முழு எண்ணும் வகுபடும் (7, 11, 13க்கு மட்டும்தான் இந்த விதி). 604ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2, 11ஆல் வகுத்தால் 10, 13ஆல் வகுத்தால் 6. மூன்றும் இல்லை.

டவுன் பின்கோடுக்கு இதையே செய்தால் 625 − 1 = 624 = 13 × 48. உடனே 13 சிக்கிவிட்டது. தெப்பக்குளத்துக்கு 625 − 9 = 616 = 7 × 8 × 11. ஒரே கழித்தலில் இரண்டு காரணி! என் மகளுக்கு இந்த முழுப் புராஜெக்டிலும் பிடித்த இடம் இதுதான். தோழிகள் எல்லாருடைய பின்கோடையும் வாங்கி வந்து கழித்துக்கொண்டிருந்தாள்.

பின்கோடு ஆறு இலக்கம் என்பதால் இரண்டே கூறுகள். எண் அதைவிட நீளமென்றால் கடைசிக் கூறிலிருந்து கூட்டல், கழித்தல் என்று மாறி மாறிப் போக வேண்டும். இந்தப் பிரிப்புக்கு 6,25,021 என்று நம் வழக்கப்படி லட்சக் காற்புள்ளி போட்டு எழுதினால் குழம்பும். காற்புள்ளியே இல்லாமல் எழுதுங்கள்.

5. வகுத்தல் அட்டவணை

ரஃப் நோட்டில் மூன்று பத்தி: பகா எண், ஈவு, மீதி. 17இல் ஆரம்பியுங்கள்.

கால்குலேட்டரில் 625021 ÷ 17 அடித்தால் 36765.94... என்று வரும். புள்ளிக்கு முன்னால் உள்ளதை மட்டும் எடுத்து 36765 × 17 = 625005. எண்ணிலிருந்து கழித்தால் மீதி 16. அப்படியே 19, 23, 29 என்று போக வேண்டும். ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தால் 17இலிருந்து 617 வரை 107 வகுத்தல், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். புதூர் எண்ணுக்கு 787 வரை 132 வகுத்தல், ஒரு மணிக்குக் கொஞ்சம் மேலே. ஒரே மூச்சில் செய்ய வைக்காதீர்கள். இருபது இருபதாகப் பிரித்துவிடுங்கள்.

"புள்ளி வந்தாலே வகுபடவில்லைன்னு தெரியுதே, மீதி எதுக்குப்பா?" என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்வி. பதிலும் நல்ல பதில்: மீதியை எழுதினால் ஒரே அட்டவணை ஊருக்கே உதவும். 17ஆல் வகுத்தால் மீதி 16 என்றால், 16 குறைவான 625005 என்ற திருப்பரங்குன்றம் எண் 17ஆல் வகுபட்டே தீர வேண்டும். 71க்கு எதிரே மீதி 8 என்று இருக்கும், அப்படியானால் 625013 = 71 × 8803. 113க்கு மீதி 18, ஆக 625003 = 113 × 5531. 359க்கு மீதி 2, ஆக 625019 = 359 × 1741. வகுப்பில் நாலு பேர் நாலு பின்கோடு எடுத்திருந்தால் ஒருவர் போட்ட அட்டவணையே நாலு பேருக்கும் போதும்.

617இல் மீதி 0, ஈவு 1013. இங்கே ஒரு கேள்வி மிச்சம்: 1013 பகா எண்ணா? தனியாக ஒரு வகுத்தலும் செய்ய வேண்டாம். 1013க்குக் காரணி இருந்தால் அதில் ஒன்று 32க்குள் இருக்க வேண்டும், அது நம் எண்ணுக்கும் காரணியாகி முன்பே அகப்பட்டிருக்கும். அகப்படவில்லை, அதனால் பகா எண்தான்.

டவுன் எண்ணில் வேறு மாதிரி. 13இல் உடைந்ததும் ஈவு 48077. பலரும் "13 × 48077, முடிந்தது" என்று நிறுத்திவிடுகிறார்கள். முடியவில்லை, ஈவையும் உடைக்க வேண்டும். ஆனால் எல்லை இப்போது 790 இல்லை. 219 × 219 = 47961, 220 × 220 = 48400 என்பதால் 219 வரை பார்த்தால் போதும். மறுபடியும் 13இலேயே தொடங்குங்கள், ஒரே காரணி இரண்டு முறை வரலாம். 131இல் உடைந்து 367 மிஞ்சும். 367க்கு எல்லை 19, அதுவரை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு காரணி கிடைக்கும்போதும் எல்லைக்கோட்டைத் திருத்தி எழுதுங்கள். நிறைய வேலை மிச்சம்.

6. குறுக்கு வழி ஒன்று: ஃபெர்மா முறை

ஒற்றைப்படை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் தானாக வந்துவிடும், ஏனென்றால் அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ). எட்டாம் வகுப்பு முற்றொருமைதான்.

791இல் தொடங்கி ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்தி, 625021ஐக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். நம் எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே அ ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும். அதிலும் 3இல் அல்லது 7இல் முடியும் எண்ணின் வர்க்கம் 9இல் முடியும், 1 கழித்தால் 8இல் முடியும். எந்த வர்க்கமும் 8இல் முடியாது. அவற்றையும் தள்ளிவிடலாம். மிஞ்சியவை:

791: 625681 − 625021 = 660
795: 632025 − 625021 = 7004
799: 638401 − 625021 = 13380
801: 641601 − 625021 = 16580
805: 648025 − 625021 = 23004
809: 654481 − 625021 = 29460
811: 657721 − 625021 = 32700
815: 664225 − 625021 = 39204 = 198 × 198

எட்டே வரி. 815 − 198 = 617, 815 + 198 = 1013. நூற்றேழு வகுத்தல் செய்த இடத்தில் எட்டு கழித்தல்! ஒற்றைச் சுழியில் முடிகிற மிச்சத்தைப் பார்த்ததுமே ஒதுக்கலாம், வர்க்கம் சுழியில் முடிந்தால் இரண்டு சுழியாவது வரும்.

அப்படியானால் முதலிலேயே இதைச் சொல்லக் கூடாதா என்று கோபம் வரலாம். இது எல்லா எண்ணுக்கும் கைகொடுக்காது. இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் மட்டும் வேகம். டவுன் எண்ணில் இதே முறையை எடுத்தால் 1035² − 668² வரை, அதாவது 791இலிருந்து 1035 வரை நடக்க வேண்டும். அங்கே சாதாரண வகுத்தல் ஒரு நிமிடத்தில் 13ஐப் பிடித்துவிடும். புதூர் எண்ணில் இதைத் தொட்டால் விடிந்துவிடும். என் கணக்கு: முதலில் பத்து வரி ஃபெர்மா போட்டுப் பாருங்கள், கிடைத்தால் லாபம், இல்லையென்றால் அட்டவணைக்குத் திரும்புங்கள்.

7. சரிபார்த்தல்

617 × 1013ஐக் கையால் ஒரு முறை பெருக்குங்கள். பிறகு ஒன்பதால் சோதனை: 617இன் இலக்கக் கூடுதல் 14, அதன் கூடுதல் 5. 1013க்கும் 5. 5 × 5 = 25, அதன் கூடுதல் 7. 625021க்கு 16, அதன் கூடுதல் 7. பொருந்துகிறது. இலக்கங்கள் இடம் மாறிப்போனால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதால் பெருக்கலை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யாதீர்கள்.

8. இனி பண்புகளை எழுதுங்கள்

காரணிகள் மொத்தம் நாலு: 1, 617, 1013, 625021. அவற்றின் கூடுதல் 618 × 1014 = 626652. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் 1631. அது எண்ணைவிடக் குறைவு என்பதால் இது குறைவெண். கலெக்டர் ஆபீஸ் எண் இதற்கு நேர் எதிர்: 48 காரணிகள், தன்னைத் தவிர்த்த கூடுதலே 1286148. எண்ணைவிட இரண்டு மடங்குக்கும் மேல், ஆகவே மிகையெண். இரண்டையும் ஒரே சார்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பார்ப்பவர்கள் நிற்பார்கள்.

625021க்குக் கீழே அதனோடு சார்பகா எண்களாக (1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவையாக) இருப்பவை 616 × 1012 = 623392. அதாவது ஏறக்குறைய எல்லாமே. கணித மேதை ஆய்லர் பெயரைச் சொல்லி எழுதினால் கணக்கு டீச்சர் நிமிர்ந்து பார்ப்பார்.

அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எழுதுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மூன்று வழி உண்டு:

312510 + 312511
705 முதல் 1321 வரை (617 எண்கள், நடுவில் 1013)
111 முதல் 1123 வரை (1013 எண்கள், நடுவில் 617)

ஏன் மூன்று? ஒற்றைப்படைக் காரணிகள் நாலு, அதில் 1க்கு உரியது எண்ணையே அப்படியே எழுதுவது. அதைத் தள்ளினால் மூன்று.

இரும எண்ணாக எழுத 20 இலக்கம் வேண்டும்: 1001 1000 1001 0111 1101. இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் வந்துவிடும், அதில் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை.

9. நல்ல பரிசுக்கு: இரண்டு வர்க்கங்களின் கூட்டல்

இது எல்லாப் பின்கோடுக்கும் வாய்க்காது. விதி இதுதான்: 4ஆல் வகுத்தால் மீதி 3 தருகிற பகாக் காரணி எதுவும் ஒற்றைப்படை முறை வரக் கூடாது. 617, 1013 இரண்டும் 4ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே நடக்கும்.

617இலிருந்து 24இன் வர்க்கம், 23இன் வர்க்கம் என்று இறங்கிக்கொண்டே கழியுங்கள். 19க்கு வரும்போது 617 − 361 = 256, அது 16இன் வர்க்கம். 1013க்கு 31இலிருந்து இறங்கினால் 23இல் 1013 − 529 = 484, அது 22இன் வர்க்கம்.

617 = 16² + 19²
1013 = 22² + 23²

இப்போது நம் பழைய கணித மேதை பிரம்மகுப்தர் பெயரில் உள்ள முற்றொருமையால் பெருக்குங்கள். 16 × 22 = 352, 19 × 23 = 437; கூட்டினால் 789, கழித்தால் 85. குறுக்கே 16 × 23 = 368, 19 × 22 = 418; கழித்தால் 50, கூட்டினால் 786. முதல் கூட்டலை இரண்டாவதன் கழித்தலோடு, முதல் கழித்தலை இரண்டாவதன் கூட்டலோடு சேருங்கள்:

625021 = 789² + 50²
625021 = 786² + 85²

இரண்டு வழி! கால்குலேட்டரில் அடித்துக் காட்டலாம்: 622521 + 2500, 617796 + 7225.

பொறி ஒன்று இருக்கிறது. "எண்ணையே 4ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் இரண்டு வர்க்கமாக உடையும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த விதி பகா எண்ணுக்கு மட்டும். டவுன் எண் 625001க்கும் மீதி 1தான். ஆனால் அதன் காரணிகளில் 131, 367 இரண்டும் மீதி 3 தருபவை. எத்தனை முறை முட்டினாலும் உடையாது.

10. சார்ட்டில் விட வேண்டியவை

கூட்டு எண் 7 (இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும் வரை கூட்டினால் வருவது), அதிர்ஷ்டக் கிழமை, கிரகம் எல்லாம் வேண்டாம். கூட்டு எண் சொல்வது ஒன்றே ஒன்று, எண்ணை 9ஆல் வகுத்தால் மீதி 7 என்பது. அதை அப்படியே எழுதினால் பண்பு, வேறு மாதிரி எழுதினால் ஜோசியம். எண்ணைத் திருப்பிப் போட்டால் 120526 வருகிறது என்பதிலும் சரக்கு இல்லை.

11. பத்து இலக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால்

பத்து இலக்க எண்ணுக்கு எல்லை ஒரு லட்சம் வரை போகும். அதற்குள் பகா எண்கள் 9592. அரை நிமிடக் கணக்கில் எண்பது மணி நேரம். கையால் நடக்கிற காரியமில்லை. போனிலோ லேப்டாப்பிலோ பைதான் என்ற நிரல்மொழியைப் போட்டு எழுதினால் கண் இமைக்கும் முன் வந்துவிடும், காசும் கிடையாது. லினக்ஸ் உள்ள லேப்டாப் என்றால் "ஃபேக்டர்" என்ற கட்டளையே இருக்கிறது.

எக்செல்லில் செய்கிறவர்கள் கவனம். அது 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் உள்ள இலக்கங்களைச் சத்தமில்லாமல் சுழியாக்கிவிடும். நீங்கள் வேறு எண்ணை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பெரிய எண் பகா எண்ணா என்று பார்க்க, 2ஐ (எண் − 1) தடவை பெருக்கி அந்த எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று சோதிக்கும் வழியும் உண்டு. மீதி 1 வராவிட்டால் ஒற்றைப்படை எண் நிச்சயம் பகா எண் இல்லை. வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள்: 341 = 11 × 31, 561 = 3 × 11 × 17 இரண்டும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

எண் பெரியதாகப் பெரியதாகக் கணினியும் மூச்சு வாங்கும். ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண், 625021 மாதிரியே இரண்டு பகா எண்களின் பெருக்கல்தான். அது உடைந்தது 2020இல். அதற்கு ஆன கணினி நேரம், ஒரே ஒரு கோர் (கணினிச் சில்லுக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதி) மட்டும் வேலை செய்வதாக வைத்தால், சுமார் 2700 ஆண்டுகள். சார்ட்டின் ஓரத்தில் இதை ஒரு பெட்டி போட்டு எழுதலாம், நன்றாக எடுபடும்.

12. நடுவர் வரும்போது

நாலு கேள்விக்குப் பதில் இருக்கட்டும். ஏன் 790இல் நிறுத்தினாய்? 1013 பகா எண் என்று எப்படித் தெரியும்? 1 ஏன் பகா எண் இல்லை? இது நீ செய்ததா, அப்பா செய்ததா? கடைசிக் கேள்விக்கு ரஃப் நோட்டுதான் பதில். அடித்தல் திருத்தலோடு அந்த மீதி அட்டவணையைச் சார்ட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அதைப் பார்த்து ஃபேர் எழுதச் சொல்லிப் பிள்ளையைப் படுத்தாதீர்கள். நடுவரின் பின்கோடைக் கேட்டு வாங்கி, மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழித்து, 7, 11, 13 மூன்றையும் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். பத்து விநாடி ஆகும்.